மெய்நிகர்ப் பொறியின் வலைத்தொடர்பு: பழுதறியும் முறை

ஒரு கணினியினுள்ளே மற்றொரு கணினியை அமைத்து இயக்குதல் இந்நாளிற் பெருவழக்காய் விட்டது. மாணவர் பயிற்சிக்காக அமைக்கின்றனர். கந்தோர்களில் ஒரே இரும்புப் பெட்டியிற் பத்துப் பன்னிரண்டு பணிகளைத் தனித்தனியே நடத்துதற்பொருட்டு அமைக்கின்றனர். இவ்வாறு அமைக்கப்பெறும் உட்கணினியை மெய்நிகர்ப் பொறி என வழங்குவர். அதற்கென நினைவகம், வட்டு, வலையட்டை எல்லாம் உள. ஆயின் அவற்றுள் ஒன்றையேனும் கையாற் றொட்டறிதல் இயலாது. யாவும் மென்பொருளாற் புனையப்பட்டவை. வலைத்தொடர்பு அற்றுப்போமாயின் கேபிளை அசைத்துப் பார்த்து மனத்தை ஆற்றிக்கொள்ளும் வழியும் இல்லை.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் கணினித்துறையிற் பணிபுரிவோர் பலர். அவர்க்கு இக்கட்டுரையிற் கூறப்படுவன பெரும்பாலும் தெரிந்தனவாகவே இருக்கும். அவர்தம் பிள்ளைகளையும், கல்லூரியில் இப்பொழுது பயின்றுவரும் மாணவரையும் கருதியே யாம் இதனை எழுதப் புகுந்தோம். தொடர்பு அற்றவுடன் இளைஞர் பலர் செய்வது யாதெனின், உட்பொறியை அடியோடு அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து நிறுவுதலே. அரைநாள் உழைப்புப் போகின்றது. அதனுட் சேமித்து வைத்த செயற்றிட்ட வேலையும் உடன் போகின்றது. புதிதாய் நிறுவிய பொறியிலும் பழைய பழுது அப்படியே நிற்கும். ஏனெனில் அது உட்பொறியில் என்றுமே இருந்திலது. சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முதனாள் இரவில் ஓராண்டு வேலையை இவ்வாறு அழித்துவிட்டுக் கலங்கி வந்த மாணவரையும் யாம் கண்டதுண்டு. பழுது எவ்விடத்தது என்பதை அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது எல்லாத் தொழிற்கும் பொதுவாயினும், இத்தொழிலில் அதனை மறப்பதனால் வருங் கேடு பெரிது.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகப் பகுத்துக் காட்டும் முறையைக் கண்டு, 1972இல் வீ.எம். 370 என்னும் பெயரால் விற்பனைக்குக் கொணர்ந்தனர். லினக்ஸ் என்னும் இயங்குதளம், பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பாரால் 1991இல் வெளியிடப்பட்டது. வீ.எம்.வெயர் 1999இலும், வேர்ச்சுவல் பொக்ஸ் 2007இலும் சாதாரண மேசைக்கணினிக்கு வந்தன. மாணவர் பெரும்பாலும் கையாள்வது வேர்ச்சுவல் பொக்ஸ் ஆதலின், எண்களையும் உதாரணங்களையும் அதனின்றே எடுத்துக் காட்டுவாம். ஆங்கில நூலார் வெளிக்கணினியை விருந்தளிப்பவன் என்றும் உட்கணினியை விருந்தினன் என்றும் உருவகிப்பர். யாம் தாய்க்கணினி என்றும் உட்பொறி என்றும் கூறிச் செல்வாம்.

பழுதைத் தேடுமுன், இத்தொடர்பு எவ்வகையினது என்பதைத் தெளிதல் வேண்டும். பழுதென்று எண்ணி மக்கள் வருந்துவனவற்றுட் பாதி பழுதே அல்ல. தெரிந்தெடுத்த தொடர்பின் இயல்பு.

பெரியதொரு நாற்சார் வீட்டின் உள்ளறையிற் குடியிருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்க. அவர் எழுதுங் கடிதங்களை வீட்டுக்காரர் வாங்கித் தம் முகவரியை இட்டுத் தபாற் கந்தோரிற் சேர்க்கின்றார். மறுமொழி வந்தால், அஃது யாருக்குரியதென்று நினைவிற்கொண்டு உள்ளறைக்கு அனுப்புகின்றார். வெளியுலகத்தார்க்கு உள்ளறையிலே ஒருவர் இருப்பதே தெரியாது. அவரைத் தேடித் தாமாக ஒருவரும் வருதல் இயலாது. ‘நாற்’ எனப்படும் முகவரி மாற்று முறை இதுவே. வேர்ச்சுவல் பொக்ஸ் ஒரு புதுப் பொறியை உண்டாக்கும்போது தானாகவே கொடுப்பதும் இதனையே. இம்முறையில் உட்பொறியின் முகவரி 10.0.2.15 ஆகவும், அது வெளியேறும் படலை 10.0.2.2 ஆகவும் இருக்கும். மாணவரொருவர் இரண்டு உட்பொறிகளை அமைத்து, இரண்டிலும் 10.0.2.15 என்றே முகவரி காணப்படுதலைக் கண்டு, முகவரிகள் மோதுகின்றன என்று அஞ்சுவது வழக்கம். அஞ்சவேண்டுவதில்லை. ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி வீட்டுக்காரர் உளர். இரண்டும் வெவ்வேறு வீடுகளின் உள்ளறைகள். ஆகவே மோதலும் இல்லை, ஒன்றையொன்று காணுதலும் இல்லை. இரண்டும் தம்முட் பேசவேண்டுமாயின், ‘நாற் நெற்வேர்க்’ என அதே பட்டியலில் வேறாகக் காட்டப்பெற்ற வகையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது வகை பாலம் போடுதல். இதில் உட்பொறி ஒழுங்கையை நோக்கித் தனக்கெனத் தனிப் படலை வைத்துக்கொள்கின்றது. வீட்டு றவுற்றரிடமிருந்து தானே நேரிற் சென்று முகவரி பெறும். அயற் கணினிகளும் அதனை அறியும். கம்பி வழித் தொடர்பில் இது செவ்வனே நடைபெறும். வைபை வழியிலோ தொல்லை உண்டு. வைபை நிலையம் தன்னிடம் பெயர் பதிந்துகொண்ட வலையட்டையின் வன்முகவரியிலிருந்து வருவனவற்றையே ஏற்கும். உட்பொறியின் வன்முகவரி அதற்கு அந்நியமானது. வேர்ச்சுவல் பொக்ஸ் இதனைச் சமாளித்தற்கு உட்பொறியின் வன்முகவரியைத் தாய்க்கணினியினதாக மாற்றி அனுப்புகின்றது. ஆயினும் எல்லா அட்டைகளிலும் எல்லா நிலையங்களிலும் அது பலிப்பதில்லை. லினக்ஸ் கருவியோடு சேர்ந்த கே.வீ.எம். முறையிற் சாதாரணப் பாலத்தை வைபை அட்டைமேற் போடுதல் பெரும்பாலும் பயன்றராது. கம்பியில்லாத மடிக்கணினியில் நாள்முழுதும் பாலத்தோடு போராடுவதிலும் ‘நாற்’ முறைக்குத் திரும்புதலே எம் அபிப்பிராயத்தில் நன்று.

மூன்றாவது, தாய்க்கணினியும் உட்பொறிகளும் மாத்திரம் தம்முட் பேசும் வகை. வழக்கமாக 192.168.56 எனத் தொடங்கும் முகவரிகள் இதற்கு உரியன. இதன்வழி வெளியுலகை அடைதல் இயலாது. இயலாதவாறே அது அமைக்கப்பட்டது.

இனி, தேடும் முறையைக் கூறுவாம். உள்ளிருந்து வெளியே, அறை, முற்றம், படலை, ஒழுங்கை, தெரு என ஒவ்வோரடியாகச் செல்லுதல் வேண்டும். ஓரடி உறுதியாகாமுன் அடுத்ததற்குத் தாவுதல் கூடாது. அதற்கும் முன்னே, தாய்க்கணினிக்கு இன்ரநெற் உண்டா என்பதைப் பார்த்துவிடுக. இதனைக் கூறுதல் சிலர்க்கு நகைப்பாயிருக்கலாம். ஆயினும் வீட்டு இணைப்பின் மாதக் கட்டணம் செலுத்தப்படாமையை உட்பொறியினுள்ளே தேடுவோரும் உளர்.

முதலடி அட்டை. லினக்ஸில் ‘ஐபி லிங்க்’ என்று ஏவினால் அட்டைகளின் பெயரும் நிலையும் தோன்றும். ‘எல்ஓ’ என்பது பொறி தன்னோடு தான் பேசும் அட்டை. அதனைக் கணக்கில் எடுக்க வேண்டா. மற்றையது ‘அப்’ எனக் காணப்படின் நன்று. ‘டவுண்’ எனின் அட்டை எழுப்பப்படவில்லை. ‘நோ கரியர்’ எனின் கேபிள் இல்லை என்பது பொருள். மென்பொருட் பொறிக்குக் கேபிள் ஏதென்று வினவலாம். வேர்ச்சுவல் பொக்ஸின் வலையமைப்புப் பக்கத்திற் கேபிள் பொருத்தப்பட்டது என்பதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் அடையாளம் நீங்கியிருப்பின் கேபிளைப் பிடுங்கியதே போலாகும். அட்டையின் பெயரும் கவனித்தற்குரியது. பழைய நூல்களில் எங்கும் ‘ஈத்0’ என்றே காணலாம். 2013இன் பின்னர்ப் பெரும்பாலான லினக்ஸ் வகைகள் அட்டை செருகப்பட்ட இடத்தைக்கொண்டு பெயரிடும் முறையை மேற்கொண்டன. வேர்ச்சுவல் பொக்ஸின் முதலட்டை ‘ஈஎன்பி0எஸ்3’ எனப் பெயர் பெறும். பழைய நூலைப் பார்த்து ‘ஈத்0’ என்று அமைப்புக் கோப்பில் எழுதுவோர், இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதுகின்றனர். பழைய நூல்கள் சொல்லும் ‘ஐஎப்கொன்பிக்’ என்னும் ஏவலும் இப்பொழுது பல வகைகளில் தானாக நிறுவப்படுவதில்லை. அஃது இல்லையென்று பொறி சொல்லுதல் வலைப் பழுதன்று.

இரண்டாமடி முகவரி. ‘ஐபி அட்றெஸ்’ என ஏவுக. நாம் தெரிந்தெடுத்த வகைக்குரிய முகவரி இருக்கின்றதா? ஒன்றுமே இல்லையாயின், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. நிலையத்தை நம் பொறி கேட்கவில்லை, அல்லது கேட்டும் மறுமொழி வரவில்லை. 169.254 எனத் தொடங்கும் முகவரி காணப்படின், கேட்டும் கிடையாமையாற் பொறி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்றறிக. அதனைக்கொண்டு ஒழுங்கைக்கு அப்பாற் செல்லல் இயலாது.

மூன்றாமடி வழி. ‘ஐபி றவுற்’ என்னும் ஏவல் வழிப்பட்டியலைத் தரும். அதில் ‘டீபோல்ற்’ எனத் தொடங்கும் வரியே ஏனைய எல்லாத் திசைக்கும் உரிய படலை. அவ்வரி இல்லையெனின் உட்பொறிக்கு வெளியுலகமே இல்லை. இரண்டு அட்டைகள் பூட்டிய பொறியில் இங்கே ஒரு நுண்ணிய பழுது நேர்வதுண்டு. ஓரட்டை ‘நாற்’ முறையினது, மற்றையது தாய்க்கணினியோடு மாத்திரம் பேசுவது எனக் கொள்க. இரண்டாவதற்கு முகவரியைக் கையால் எழுதும் மாணவர், படிவத்தை முழுதும் நிரப்பவேண்டும் என்னும் நல்லெண்ணத்தினாற் படலைக்குரிய இடத்திலும் 192.168.56.1 என்று எழுதிவிடுவர். அப்போது பொறி வெளியுலகுக்குச் செல்லவேண்டியவற்றை அடைத்த மதிலின்மேற் கொண்டுபோய் மோதும். அட்டையும் முகவரியும் செம்மையாய் இருப்பதாற் பழுது எளிதிற் புலப்படாது. வழிப்பட்டியலை வாசிப்பவருக்கோ ஒரே பார்வையிற் புலப்படும்.

அடுத்துப் ‘பிங்’. இதனை 1983ஆம் ஆண்டு மார்கழியில் அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சிச்சாலை ஒன்றிற் பணிபுரிந்த மைக் மூஸ் என்பார் இயற்றினார். நீர்மூழ்கிகளைத் தேடுவோர் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும்போது எழும் ஓசையையே பெயராக வைத்தார். முதலிற் படலையாகிய 10.0.2.2ஐக் கூப்பிடுக. மறுமொழி வரின், 8.8.8.8 போன்ற வெளி எண்ணொன்றைக் கூப்பிடுக. இது கூகிள் நிறுவனத்தார் 2009 முதல் நடத்தும் பெயர் விளக்க நிலையம். அதுவும் மறுமொழி கூறின், ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுக. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின் தெருவெல்லாம் திறந்தே இருக்கின்றது, முகவரிப் புத்தகம் மாத்திரம் கிடைக்கவில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கூப்பிட்டதற்கு விடை வாராமை மாத்திரத்தாற் றொடர்பு இல்லையெனத் துணிதல் கூடாது. சில நிலையங்கள் இவ்வோசைக்கு வேண்டுமென்றே விடை தருவதில்லை. ‘நாற்’ முறை சிலவற்றுள்ளும், சிறப்பாகக் கியூ.எம்.யூ.வின் எளிய வகையில், இவ்வோசை வெளியே செல்லாதிருக்க, இணையப் பக்கங்கள் மாத்திரம் நன்கு திறக்கும். வழியிலுள்ள தங்குமடங்களை எண்ணிக் காட்டும் ‘றேஸ்றவுற்’ என்பதையும் ‘நாற்’ பொறியினுள்ளிருந்து நம்புதல் ஆகாது.

பெயர் விளக்கத்திற்கு வருவாம். உபுண்டுவிற் பெயர் நிலையத்தின் எண்ணைப் பார்த்தால் 127.0.0.53 எனக் காணப்படும். இது பொறியினுள்ளேயே இருக்கும் ஓர் இடைத்தரகர். உண்மையாகக் கேட்கப்படுபவர் வேறு. அவரை அறிதற்கு ‘றிசொல்வ்சிரிஎல் ஸ்ரேற்றஸ்’ என்று ஏவுதல் வேண்டும். வேர்ச்சுவல் பொக்ஸின் ‘நாற்’ முறை, வழக்கமாகத் தாய்க்கணினி எவரிடம் கேட்கின்றதோ அவருடைய எண்ணையே உட்பொறிக்கும் கொடுக்கின்றது. இதன் விளைவு யாதெனின், கந்தோரில் மடிக்கணினியை மூடி உறங்கவைத்து வீட்டிற் றிறப்பவருடைய உட்பொறி, சிலபோது, இன்னமும் கந்தோரின் உள்நிலையத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். முகவரியைப் புதுப்பித்தால் அல்லது பொறியை மீளத் தொடக்கினாற் றீரும். அடிக்கடி இடம் மாறுவோர் பெயர் விளக்கத்தைத் தாய்க்கணினியே செய்து கொடுக்குமாறு அமைத்து, உட்பொறிக்கு 10.0.2.3 என்னும் மாறாத எண்ணைக் கொடுத்தல் சிறந்தது. பெயர் நிலையத்தைக் கூறும் ‘றிசொல்வ் கொன்ப்’ என்னும் கோப்பைக் கையாற் றிருத்தும் பழைய வழக்கம் இப்பொழுது பயனற்றது. அதனை ஆளும் மென்பொருள் அடுத்த தொடக்கத்திலேயே மேலெழுதிவிடும்.

இவ்விடத்து, பொறி கூறும் பிழைமொழிகளைப் பற்றிச் சிறிது விரித்தல் வேண்டும். மாணவர் பலரும் ‘வேலை செய்கிறதில்லை’ என்றே வந்து கூறுவர். திரையில் யாது எழுதியிருந்தது என்றால் நினைவில்லை என்பர். வைத்தியரிடஞ் சென்று நோவு எவ்விடத்தென்று கூறாதார் போல்வர். ‘நெற்வேர்க் இஸ் அன்றீச்சபிள்’ என்றால் வழிப்பட்டியலில் அத்திசைக்கு வழியே இல்லை என்பது பொருள், மூன்றாமடிக்குச் செல்க. பொறி தன் முகவரியினின்றே ‘டெஸ்ரினேசன் ஹோஸ்ற் அன்றீச்சபிள்’ என்று கூறுமாயின், வழி உண்டு, அயலில் இருக்கவேண்டியவர் அழைத்தும் முகங் காட்டவில்லை. பெயர் விளக்கம் தற்காலிகமாகத் தவறியது என்னும் கருத்துள்ள நீண்ட வாக்கியம், ‘நேம் றிசொலூசன்’ என்னுஞ் சொற்களோடு முடியுமாயின், பெயர் நிலையத்தைப் பார்க்க. ‘கொனெக்சன் றிபியூஸ்ட்’ என்பதோ பெரும்பாலும் நற்செய்தி: நாம் அனுப்பியது சேரவேண்டிய பொறியைச் சேர்ந்துவிட்டது, அத்துறையிற் காத்திருக்கும் பணியாளர் எவரும் இல்லை. ‘ரைம்ட் அவுட்’ என்றால் மறுப்புந்தானும் வரவில்லை. இடையில் ஒரு தீச்சுவர் வாய்பேசாது விழுங்கியிருத்தல் கூடும். இவ்வைந்து மொழிகளையும் வேறுபிரித்தறிந்தவருக்குத் தேடுதலிற் பெரும்பங்கு குறைந்துவிடும்.

வெளியிலிருந்து உட்பொறிக்குள் வருதல் வேறொரு கதை. ‘நாற்’ முறையில் உள்ளறையாரை வெளியார் அறியார் என்றோம். ஆதலின் தாய்க்கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழி உட்பொறியினுள் நுழைய விரும்புவோர், தாய்க்கணினியின் 2222ஆந் துறைக்கு வருவனவற்றை உட்பொறியின் 22ஆந் துறைக்குக் கொடுக்குமாறு வீட்டுக்காரருக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லியும் நடவாதாயின், உட்பொறியில் ‘எஸ்எஸ்’ என்னும் ஏவலால் எத்துறைகளிற் பணியாளர் காத்திருக்கின்றனர் எனப் பார்க்க. ஒரு துறைக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதியிருப்பின், அப்பணியாளர் அறையினுள்ளிருந்து அழைப்பவருக்கே மறுமொழி கூறுவார். வாயிலில் வந்து தட்டுபவருக்குக் கதவு திறவார். மாணவர் தாம் எழுதிய இணையச் செயலியை உட்பொறியில் ஓடவிட்டு, வெளியே காணவில்லை என்று வருந்துவதற்கு இதுவே பெருங்காரணம். 0.0.0.0 என்னும் முகவரியிற் காத்திருக்குமாறு அமைத்தால் எல்லார்க்குஞ் செவிகொடுப்பார். பின்னும் வாராதாயின் ‘யூஎப்டபிள்யூ’ போன்ற தீச்சுவரைப் பார்க்க.

ஒரு பொறியைப் பிரதிபண்ணிப் பல பொறிகளாக்கும்போது நேரும் விநோதமான பழுதொன்றையும் குறிப்பிடல் தகும். ஆசிரியர் ஒரு பொறியைச் செம்மையாக நிறுவிப் பத்து மாணவருக்குப் பிரதி கொடுக்கின்றார். பாலம் போட்ட வகையில் யாவும் ஒரே வலையிற் சேர்கின்றன. ஒருவர் தொடர்பு பெற மற்றவர் தொடர்பு இழக்கின்றார். சிறிது நேரத்தில் மாறி நிகழ்கின்றது. முதற் காரணம், வலையட்டையின் வன்முகவரியும் பிரதியாகிவிட்டமை. பிரதி பண்ணும்போதே புதிய வன்முகவரி வேண்டுமெனக் கேட்டுக்கொண்டால் இது தீரும். அதனை மாற்றிய பின்னும் இரு பொறிகள் ஒரே முகவரியைப் பெறுவதுண்டு. உபுண்டுவின் சேவர் வகை, 2018இன் வெளியீடு தொடங்கி, முகவரி கேட்கும்போது வன்முகவரியைச் சொல்லாது, ‘மெசின் ஐடி’ என்னும் கோப்பிலிருந்து ஆக்கிய அடையாளத்தைச் சொல்லுகின்றது. கோப்பும் பிரதியாதலால் இரட்டைப் பிள்ளைகள் ஒரே பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் காட்டுவது போலாகும். முகவரி வழங்குபவர் என் செய்வார்? பிரதி எடுக்குமுன் அக்கோப்பை வெறுமையாக்கிவிட்டால் ஒவ்வொரு பொறியும் முதன்முறை தொடங்கும்போது தனக்கெனப் புதியதொன்றை ஆக்கிக்கொள்ளும்.

அடிகள் யாவும் செம்மையாயிருந்தும் சில பக்கங்கள் மாத்திரம் திறவாவிடின் இரண்டைப் பார்க்க. ஒன்று நேரம். பலநாள் உறங்கவைத்து எழுப்பிய பொறியின் கடிகாரம் பிந்தியிருப்பின், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதன எனப்பட்டுப் பக்கங்கள் மறுக்கப்படும். பார்ப்பவர் வலைப் பழுதென்றே எண்ணுவர். மற்றையது பொதியின் பருமன். தாய்க்கணினியில் வீ.பீ.என். ஓடும்போது சிறு பொதிகள் சென்று வர, பெரியன இடையே தங்கிவிடல் கூடும். பிங் நன்றாகும், பக்கம் பாதியில் நிற்கும். வீ.பீ.என்.ஐ நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். உட்பொறி அட்டையின் பொதி எல்லையை 1500இலிருந்து 1400க்குக் குறைத்தலும் பெரும்பாலும் போதும்.

பழுது தெரிந்தபின் திருத்துதல் எளிது. திருத்தத்தை நிலைபெறச் செய்தலே கவனத்திற்குரியது. ‘ஐபி’ ஏவல்களாற் செய்யும் மாற்றங்கள் பொறியை மூடியவுடன் மறையும். ஆகையால் அவை சோதனைக்கு உகந்தன, பிழைத்தாலும் கேடில்லை. நிலையான மாற்றம் உபுண்டுவின் சேவர் வகையில் ‘நெற்பிளான்’ கோப்பில் எழுதப்படுவது. அக்கோப்பில் வரித்தொடக்க இடைவெளிகள் பொருளுடையன. தாவல் விசையை அழுத்தி விட்ட இடைவெளியை அது ஏலாது. எழுதியபின் உடனே நிலைநிறுத்தாது, ‘நெற்பிளான் றை’ என ஏவுக. புதிய அமைப்பை ஏற்றுக்கொண்டதாக 120 விநாடிகளுள் நாம் உறுதி கூறாவிடின், பொறி தானே பழைய அமைப்புக்குத் திரும்பும். தொலைவிலுள்ள பொறியைத் திருத்துவோர்க்கு இஃது உயிர்காக்கும் வசதி. உறுதி கூறியபின் பொறியை ஒருமுறை முழுதாக மூடித் திறந்து, முதலடியிலிருந்து மீண்டும் பார்த்துவிட்டு, செய்த மாற்றத்தையும் திகதியையும் அக்கோப்பிலேயே ஒரு குறிப்பு வரியாக எழுதி வைக்க.